யாரும் அமுக்காத நாலாவது பட்டன்

அண்ணே,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பேரன் எடுத்த இந்த வயதில், இன்று காலை டிவி ரிமோட்டின் செல்லைக் கழற்றிப் பல்லால் கடித்தேன். கடித்தால் செல் இன்னும் ரெண்டு நாள் ஓடும் என்று புனே பக்கம் நம் போசரியில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடைவாய்ப் பல்தான் ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். "கடிக்கறதுக்கு வீட்ல பாவ் ரொட்டி கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் இப்போதெல்லாம் சண்டை போடத் தெம்பில்லை.

பல் போனது போகட்டும். கடித்தபோது நாக்கில் ஏறிய அந்தத் துருப்பிடித்த புளிப்பு வாடைதான் என்னை உட்கார வைத்துவிட்டது. உங்கள் ரிமோட்டின் முதுகைத் திறக்கும்போதெல்லாம் வந்த அதே வாடை. அந்த அஞ்சு வாரத்தில் எத்தனை முறை திறந்திருப்போம் அண்ணே. மூடியின் திருகே வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டது.

உட்கார்ந்தவன் எழுதலாம் என்று தோன்றியது. நான் அஞ்சாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திருப்பி எழுத எனக்குக் கை வராது.

சிவப்பு ஸ்டிக்கர் என்றாலே உங்கள் முகம்தான். தொண்ணூறுகளில் நம் கம்பெனியில் பிரஷர் காட்டும் கேஜ் செய்து வெளியூருக்கு அனுப்பினோம். முகத்தில் கண்ணாடி வைத்த சாமான். நான் பேக்கிங், நீங்கள் கடைசிச் செக்கிங். நான் அட்டைப்பெட்டியில் வைத்து, மூலைக்கு மூலை அட்டையை மடித்துத் திணித்து, பிரவுன் டேப்பை இழுத்து ஒட்டி உங்கள் மேசைக்குத் தள்ளுவேன். நீங்கள் பெட்டியைக் காதோரம் தூக்கி ஒரே ஒரு முறை ஆட்டுவீர்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் போதும். ஸ்டிக்கர்.

"அண்ணே, காத்து அசைஞ்ச சத்தம் அது."

"காத்தையும் சேத்து இறுக்கிக் கட்டு."

அதற்குமேல் பேச மாட்டீர்கள். என்னை நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் பேக்கிங்" என்பீர்கள். நான் உங்களை முதுகுக்குப் பின்னால் லால் ஸ்டிக்கர் என்பேன். அது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இப்படி இறுக்கிக் கட்டிக் கட்டியே என் கை பழகிவிட்டது. வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் சரி, செருப்பு வாங்கினாலும் சரி, ஒரு முறை பிரித்து, என் கையால் திரும்பக் கட்டி வைத்தால்தான் நிம்மதி. லாரி ஏறாத சாமானையும் லாரியில் போகிற மாதிரிக் கட்டுவேன். பின்னால் வந்த வினை எல்லாம் இந்தப் பழக்கத்தில் இருந்து வந்ததுதான்.

அண்ணி போய்ச் சேர்ந்து மூன்றாவது வருஷம் உங்களுக்கு வலது கையும் காலும் விழுந்தது. பேச்சு வந்தது, ஆனால் சன்னமாக, வழுக்கி வழுக்கி. உங்கள் மகள் சுமதி ஓசூரில் இருந்து வந்து ஒரு மாதம் கூடவே இருந்தது. கூட்டிப் போகிறேன் என்றது. நீங்கள் மாட்டேன் என்றீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இருந்த லைன் வீடு, ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் சங்கு, வியாழக்கிழமை லீவில் வாசலில் சீட்டுக்கட்டு. ஓசூரில் மருமகன் வீட்டு ஹாலில் விருந்தாளியாகச் சாய்ந்து கிடக்க உங்களுக்குப் பிடிக்கவில்லை. "பொண்ணு வீட்ல நான் எந்த மூலைப்பா?" என்று என்னிடம் மட்டும் கேட்டீர்கள்.

சுமதியின் வீட்டுக்காரர் விவரமானவர். அவர்தான் அந்தக் கம்பியில்லாத செட்டை வாங்கிவந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் சுவிட்ச் போர்டுக்குள் ஒரு டப்பாவும், நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் ஒரு பெல்லும் மாட்டிவிட்டார். உங்கள் கைக்கு ஒரு ரிமோட். நாலு பட்டன். முதலாவது லைட், இரண்டாவது ஃபேன், மூன்றாவது என் வீட்டுப் பெல். நாலாவதுக்கு வேலை இல்லை. "பின்னாடி எதுக்காவது ஆகும்" என்றார். உள்ளே போடுகிற பேட்டரி துப்பாக்கித் தோட்டா மாதிரி சின்னது. போசரியில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மூணு நாலு மாதம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினார்.

கிளம்பும்போது சுமதி என்னையும் நிற்க வைத்துத்தான் சொன்னது. "மாமா, இது ஒழுங்கா அடிச்சிட்டு இருக்கற வரைக்கும் அப்பா இங்கயே இருக்கட்டும். அப்பா அமுக்கி, அது அடிக்காம போச்சுன்னா, அப்பறம் யார் பேச்சையும் நான் கேக்க மாட்டேன்."

நீங்கள் ரிமோட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். உங்கள் வீடு இனி அந்தக் கைக்குள் இருக்கிறது என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

இடது கை பழகாத கை. முதல் வாரத்திலேயே ரெண்டு முறை கீழே போட்டீர்கள். நான் சும்மா இருப்பேனா? "குடுங்கண்ணே, பத்து மாடில இருந்து போட்டாலும் உடையாத மாதிரி பண்ணித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். தடித்த பிளாஸ்டிக்கைச் சுற்றினேன். நாலு மூலைக்கும் அட்டையை மடித்து வைத்தேன். மேலே டேப். பட்டன் இருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் மட்டும் தெரிகிற மாதிரி விட்டேன். உச்சியில் கடுகளவு ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. இடித்தால் உடையுமே என்று அதற்கு மேலேயும் ரெண்டு சுற்று ஓட்டினேன். கொண்டுவந்து கொடுத்தபோது காதோரம் வைத்து ஆட்டினீர்கள். சத்தமே இல்லை.

"பாஸ்" என்றீர்கள். நம் சிநேகத்தில் அந்த வார்த்தையை முதல் சுற்றிலேயே நான் கேட்டது அன்றைக்குத்தான். வாசலில் போகிற வருகிறவனிடம் எல்லாம் சொன்னேன்.

ஆறாவது நாள் பேட்டரி செத்துப்போனது.

லைட்டும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. நான் எதேச்சையாக வந்ததால் தெரிந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே போய்ப் புதுசு வாங்கி வந்தேன். அது அஞ்சு நாள்.

அப்போதுதான் நீங்கள் மறுபடி செக்கிங் ஆனீர்கள் அண்ணே. விழுந்த நாளில் இருந்து உங்கள் முகத்தில் இல்லாத ஒன்று வந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் இடது கையால், கோழி கிளறின மாதிரி எழுத ஆரம்பித்தீர்கள். என்னென்ன காரணமாக இருக்கலாம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைச் சரக்கு. ஜன்னல் வெயில். உள்ளே இருக்கும் ஸ்பிரிங். பெல் தூரம். அதற்குக் கீழே தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் பொறுமை இல்லை. "எதுக்குண்ணே இந்த ரோதனை? கடையையும் மாத்துவோம், இடத்தையும் மாத்துவோம், உள்ள தேச்சும் விடுவோம். ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"முடிஞ்சு? எதனால சரியாச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"சரியானா போதாதா?"

"மறுபடி கெட்டா?" என்று கேட்டீர்கள். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான்."

கம்பெனியிலும் இதையேதான் சொல்வீர்கள். ஒரு தடவைக்கு ஒண்ணு. எனக்கு அது சோம்பேறியின் பேச்சாகத்தான் படும்.

மூன்றாவது பேட்டரிக்கு பிம்ப்ரி மார்க்கெட்டில் பெரிய கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டி, "ஏகதம் ஃப்ரெஷ், பாய்" என்றார். சுத்தமாகப் புதுசாம். ஆறு நாள். அடுத்ததற்கு உங்கள் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டேன். அஞ்சு நாள். அதற்கும் அடுத்ததற்கு ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். திறந்த ஒவ்வொரு முறையும் டேப்பை முதுகில் மட்டும் அறுத்துத் திறந்து, திரும்ப அழகாக ஒட்டி வைத்தேன். முகப்பைத் தொடவே இல்லை. பாஸ் ஆன பேக்கிங்கை எவனாவது கலைப்பானா?

அந்த ஸ்பிரிங் தேய்த்த வாரம்தான் நடந்தது. வியாழக்கிழமை. லீவு. மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் டிவியைச் சத்தமாக வைத்து, ஒவ்வொரு நாலுக்கும் கைதட்டிக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் கட்டிலில் இருந்து சரிந்து தரையில் கிடந்தீர்கள். கையில் ரிமோட். மூன்றாவது பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். பேட்டரி செத்துவிட்டது. உங்கள் குரல் சுவரைத் தாண்டாது. என் கூச்சல் மட்டும் உங்கள் பக்கம் வந்திருக்கிறது.

மதியம் ரசம் சோறு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தள்ளினேன். காலை ஒன்பது மணியில் இருந்து கிடந்திருக்கிறீர்கள். வேட்டி நனைந்து, அந்த ஈரமும் காய்ந்திருந்தது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஸ்கோர் என்னய்யா?" என்றீர்கள்.

நான் சொன்னேன். வேறென்ன செய்வது? சொல்லிவிட்டுத் தூக்கினேன்.

சுமதிக்கு நான் சொல்லவில்லை. அது வழக்கம்போலச் சாயங்காலம் போன் செய்தபோது நீங்களே சொன்னீர்கள். செக்கிங்காரர் பொய் சொல்ல மாட்டாரே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டது. நமக்கு இருந்தது வெள்ளியும் சனியும்தான்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். தலையணையைச் சரிசெய்தபோது அந்தக் காலண்டர் தாள் விழுந்தது. மடிப்பு பிரிந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடை, வெயில், ஸ்பிரிங் மூன்றும் அடித்திருந்தன. பெல் தூரம் அடிக்காமல் இருந்தது. மடித்து மறைத்த இடத்தில் இன்னும் ஒன்று இருந்தது. பே. க். கி. ங்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இது எப்ப எழுதினது?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலேயே, "மொத நாளே" என்றீர்கள்.

"அப்ப ஏண்ணே கடைசில வெச்சீங்க?"

"கம்பெனில அத்தன வருஷம் உன் பொட்டியத் திருப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்தும் அனுப்பணுமா? மத்ததுல ஏதாச்சும் ஒண்ணா இருந்துட்டா நல்லதுன்னு பாத்தேன்."

பேசியிருந்தால் அழுகை வந்திருக்கும். கிண்டல் செய்தே பிழைத்தவன் அழுதால் பார்க்கச் சகிக்காது. புதுப் பேட்டரியைப் போட்டு, பிளேடை எடுத்து முதலில் உச்சியில் இருந்த டேப்பை மட்டும் நீங்கள் சொன்னபடி உரித்தேன். ஒரு தடவைக்கு ஒண்ணு. கடுகளவு விளக்கு வெளியே தெரிந்தது. அணைந்துதான் இருந்தது.

"இப்ப, நான் எப்பவும் வெக்கற மாதிரி வை" என்றீர்கள்.

நீங்கள் எப்போதும் உங்கள் இடது தொடைக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகி வைப்பீர்கள். செருகினேன். விளக்கு எரிந்தது. எடுத்தேன். அணைந்தது. மறுபடி செருகினேன். எரிந்தது. பட்டன் எதையும் யாரும் தொடவில்லை.

அடி வலது மூலையில், வேலை இல்லாத நாலாவது பட்டனுக்கு மேலே, நான் மடித்து வைத்த அட்டை உட்கார்ந்திருந்தது. மெத்தை கொஞ்சம் அழுத்தினால் அட்டை பட்டனை அழுத்தும். அந்தப் பட்டனுக்கு லைட்டும் இல்லை, பெல்லும் இல்லை. அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. ரிமோட் பாட்டுக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, மணிக்கணக்காக. பேட்டரி எப்படித் தாங்கும்? தெரியவேண்டிய விளக்கையும் நானே மூடி ஒட்டியிருக்கிறேன்.

"நல்லா இறுக்கித்தான்யா கட்டியிருக்க" என்றீர்கள். உங்களுக்குச் சிரித்தால் ஒரு பக்க வாய்தான் போகும். அது போனது.

ஞாயிறு சுமதி வந்தது. முகத்தில் தூக்கமே இல்லை. நான் உரித்த ரிமோட்டையும், என் அட்டையையும் அதன் முன்னால் வைத்து, "தப்பு மெஷின்ல இல்லம்மா, மாமாகிட்ட" என்றேன். அது திட்டும் என்று பார்த்தேன். திட்டவில்லை. என்னை என் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து முறை பெல் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து "வந்துட்டேன்" என்று கத்தினேன். பதினோராவது அடிக்காமல் நேரிலேயே வந்து நின்றது.

"சரி மாமா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். அப்பாவுக்காக இல்ல, உங்க மூஞ்சிக்காக" என்றது.

அண்ணே, இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. நானும் ரொம்ப நாள் இதோடு நிறுத்தித்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். உங்களிடம் நிறுத்த முடியாது.

அந்த வருஷம் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். பேக்கிங்கில் ஆறு பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்தோம். காலையில் உங்களைக் குளிப்பாட்டிவிட்டு ஓடுவேன். ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டினால் பெல் அடிக்கும். அந்தப் பெல் குருவி கத்துகிற மாதிரி இருக்கும். தண்ணீருக்கு ஒரு குருவி, ஒன்றுக்குப் போக ஒரு குருவி, மூக்குக்கண்ணாடி விழுந்தால் ஒரு குருவி. நான் இல்லாதபோது என் வீட்டுக்காரி ஓடுவாள். அவளுக்கும் முட்டி வலி. ஒரு நாள் அவள், "அந்தக் குருவி கழுத்தைத் திருகிருவேன் பாரு" என்றாள். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்: "அது செத்தாத்தான் நமக்குத் தூக்கம்."

நம் நடுச்சுவர் ஒற்றைச் செங்கல்.

அதற்குப் பிறகு குருவி குறைந்தது. நான் கவனிக்கவில்லை அண்ணே. உடம்பு அவ்வளவு அசதி. நாளுக்கு இருபது முறை அடித்தது பத்தானது, அஞ்சானது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உங்கள் உடம்பு தேறிவருகிறது என்று. ரிமோட் பேட்டரி மூன்று மாதம் தாண்டியும் ஓடியது. அதையும் பெருமையாகச் சொன்னேன். "பாத்தீங்களாண்ணே, அட்டைல போட்ட மாதிரியே ஓடுது." நீங்கள், "ம்ம், நல்ல பேட்டரி" என்றீர்கள்.

வெயில் காலம் வந்தது. ஒரு சாயங்காலம் வந்து, காலையில் நான் நிரப்பி வைத்த தண்ணீர் ஜக்கைத் தூக்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தால் விளிம்பு வரை அப்படியே இருந்தது. உங்கள் உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"தண்ணி குடிக்கலயா?"

"தாகம் இல்ல."

"போசரியில மே மாசத்துல தாகம் இல்லாத ஒரே ஆளு நீங்கதான். பேப்பர்ல போடச் சொல்லவா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "குடிச்சா போகணும். போகணும்னா அமுக்கணும்" என்றீர்கள். பிறகு, "நேத்து நீ நின்னுக்கிட்டே தூங்கின. பாட்டிலப் புடிச்சுக்கிட்டே. தெரியுமா?" என்றீர்கள்.

தெரியாது. மூத்திர பாட்டில் சாய்ந்து கட்டில் நனைந்தது ஞாபகம் இருக்கிறது. தூங்கினது ஞாபகம் இல்லை.

"சுமதிக்குப் போன் போட்டுக் குடு" என்றீர்கள்.

"எதுக்கு?"

"போடுய்யா."

நான் நம்பரை மறந்துவிட்டேன் என்றேன். நீங்கள் மனப்பாடமாகச் சொன்னீர்கள். கடைசி நம்பரை வேண்டுமென்றே மாற்றி அமுக்கினேன். யாரோ கன்னடத்தில் பேசினார்கள். நீங்கள் காத்திருந்தீர்கள். "ஒரு தடவைக்கு ஒரு நம்பர்" என்றீர்கள். இரண்டாவது முறை சரியாகப் போட்டுக் காதில் வைத்தேன். நீங்கள் உடம்பைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசவில்லை. "ஏம்மா, உனக்கு லீவு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தப் பக்கம் அது அழுதது எனக்கே கேட்டது.

போனை வாங்கி வைத்துவிட்டு நான் ரொம்பக் கோபமாகப் பேசினேன். என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம், நான் என்ன செத்தா போனேன் என்றெல்லாம். எல்லாம் பேசி முடித்த பிறகு நீங்கள், "தண்ணி குடு" என்றீர்கள். ரெண்டு டம்ளர் குடித்தீர்கள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று எழுதிவிடுகிறேன், இதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய். வருத்தமாக இருந்தது. அதற்கு அடியில், இனித் தூங்கலாம் என்றும் இருந்தது. ரெண்டையும் இன்று வரை பிரித்துவைக்க முடியவில்லை.

உங்கள் வீட்டை நான்தான் கட்டினேன். இருபத்திரண்டு பெட்டி. ரெண்டு வியாழக்கிழமை ஆயிற்று. அண்ணி வைத்திருந்த வெண்கல உருளி, சுவர்க் கடிகாரம், மரத்தில் செய்த சாமி அலமாரி. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு பெட்டியையும் உங்கள் காதோரம் கொண்டுவந்து நான் ஆட்டினேன். பெரிய பெட்டிகளுக்கு உங்கள் தலையையே சாய்த்து ஒட்டவைத்துக் கேட்டீர்கள். ஒன்றுக்குக்கூட ஸ்டிக்கர் இல்லை. "எல்லாம் பாஸ்" என்றீர்கள். இருபத்திரண்டும் பாஸ் ஆன அன்றைக்கு நான் யாரிடமும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை.

ஓசூரில் பதினோரு மாதம் இருந்தீர்கள். ஹாலில் இல்லை, தனி அறை கொடுத்திருந்தார்கள் என்று சுமதி சொன்னது. அங்கேயும் தாராளமாகத் தண்ணீர் குடித்தீர்களா என்று நான் கேட்டேன். குடித்தார் மாமா என்றது. காரியத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பஸ் தாவணகெரேயில் நின்றுவிட்டது. அது ஒரு கதை, இப்போது வேண்டாம்.

உங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் யாரும் குடிவந்துவிடவில்லை. அவர்கள் ஏன் போசரி லைன் வீட்டுக்கு வரப்போகிறார்கள்? இப்போது ஒரு மராட்டிக் குடும்பம் இருக்கிறது. மாமியார்க்கிழவி ஒன்று, ரொம்ப அமைதி. நான் சும்மா இருக்க முடியாமல் ரெண்டு நாளைக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, "காய் மாவ்ஷி, பாணி கேத்லம் கா?" என்று கேட்டுவைக்கிறேன். சின்னம்மா, தண்ணீர் குடித்தாயா என்று. பைத்தியம் என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும். முன்பெல்லாம் கூப்பிடுகிறவன் வீட்டுக்கு ஓடுவேன். இப்போது கூப்பிடாதவன் வீட்டுக்குத்தான் முதலில் போகிறேன். ஏதாவது கெட்டுப்போனால் கடைக்காரனைத் திட்டுவதற்கு முன் நான் கட்டிய கட்டைப் பிரித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உங்களிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான் அண்ணே. அசதியும் இருக்கிறது, ஆனால் அது என் சொந்தச் சரக்கு.

நீங்கள் கிளம்பிய நாளைப் பற்றி ஒன்று பாக்கி. லாரி காலையிலேயே இருபத்திரண்டு பெட்டியோடு போய்விட்டது. உங்களுக்கும் சுமதிக்கும் சாயங்காலம் ஹைவேயில் பஸ். ஆட்டோவில் இருந்து உங்களை இறக்கினோம். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்தார். நீங்கள் இடது கையை நீட்டி, "குச்சியக் குடு" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த நாலு கால் ஊன்றுகோல். அது பதினாலாம் நம்பர் பெட்டியில் இருந்தது. நாலு காலுக்கும் தனித்தனியாக அட்டை வைத்து, மூன்று சுற்று பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டியிருந்தேன். அந்நேரம் லாரி சாத்தாராவைத் தாண்டியிருக்கும். உங்கள் காலி வீட்டைக் கழுவிய கையோடு நான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுவந்த, தரைத் தண்ணீர் தள்ளும் எங்கள் வைப்பர் கட்டை கிடந்தது. அதை ஊன்றிக்கொண்டு நீங்கள் பஸ் ஏறினீர்கள். பஸ் போனது. என் வீட்டுக்காரி மறுநாள் புது வைப்பர் வாங்கினாள்.